கடைசி வரிசை வயலின்

"நிப்பாட்டுங்கோ. கடைசி வரிசையிலை ஒரு வயலின் சுருதி விலகுது."

வாத்தியக் குழுவை நடத்திய சிமியோன் சிறுகோலால் மேசையைத் தட்டினான். பதினான்கு வாத்தியங்களும் அடங்கின. பருத்தித்துறையில் போரால் மின்சாரம் போய் இரண்டு வருடமாகிவிட்டது. தேவாலய மண்டபத்தில் பின்னேர வெளிச்சம் இருக்கும்போதே ஒத்திகையை முடிக்க வேண்டும். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளின் இசைநிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை அவனிடம் கொடுக்கலாமா என்று பார்க்கப் பங்குத்தந்தை முன்னால் அமர்ந்திருந்தார்.

"டிக்கெட் கிழிக்காத கொண்டக்டருக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்று முணுமுணுத்தார் ட்ரம்பெட் அடைக்கலநாதன்.

"ஆரெண்டு சொல்லும் தம்பி," என்றார் பங்குத்தந்தை.

பிழை கேட்டது உண்மை. யாருடையது என்பதுதான் சிமியோனுக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வயதில், அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சிறுகோல் மூலையிலிருந்த பெர்னடெட்டை நோக்கி நீண்டது. போன மாதம் வந்து சேர்ந்தவள்; எதிர்த்துக் கதைக்கமாட்டாள்.

"பெர்னடெட்டோ? வடிவாக் கேட்டனீரோ?" என்றார் பங்குத்தந்தை.

"ஓம் பாதர். இவவின்ரைதான்."

அவள் சிமியோனைப் பார்க்கவில்லை, பங்குத்தந்தையைப் பார்த்தாள். பிறகு வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை.

ஒத்திகை முடிந்ததும் பங்குத்தந்தை எழுந்தார். "அந்தப் பிள்ளையோடை ஒருக்காக் கதைச்சிட்டு வாரும். பிறகு முடிவு சொல்லுறன்."

சைக்கிளை மிதிக்கும்போதே சிமியோனுக்கு முகம் காந்தியது. மன்னிப்புக் கேட்பதென்றுதான் புறப்பட்டான். அவள் வீட்டு வாசல் படலையில் அவளைக் கண்டதும் வேறு பேச்சு வந்தது.

"பெரிய பிழையில்லைத் தங்கச்சி. கொஞ்சம் இறங்கிப்போச்சு, அவ்வளவுதான். நாளைக்கு வாரும், நான் பழக்கிவிடுறன்."

சொல்லும்போதே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அவள் கோபிக்கவில்லை. அவனுக்காகத் தான் கூசியவள்போல நிலத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வயலின் வாசிக்கவே தெரியாது அண்ணை. ரெண்டு பேர் கனடா போனாப் பிறகு வரிசை வெறுமையாத் தெரியுதெண்டு என்னை இருத்தினது. வில்லு தந்தியிலை முட்டாமல் சும்மா ஆட்டச் சொல்லித்தான் கட்டளை."

சிமியோன் சைக்கிள் கைப்பிடியை இறுகப் பிடித்தான்.

"ஆரின்ரை கட்டளை?"

"பாதரின்ரை."