சிவப்புத் துணி கட்டிய பெட்டிகள்

வீட்டு வளவின் முற்றத்தில் காலை வெயில் சரிந்து விழுகிறது. மூன்று வருடத் தவணையில் கடை வேலைக்குப் பினாங்கு போகும் ஐந்து பேரின் தகரப் பெட்டிகளும் அங்கே கிடக்கின்றன. கப்பலில் மாறிப் போகாமல் இருக்கக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டச் சொன்னவர், அவர்களில் ஒருவரான, பலமுறை கடல் கடந்த சோமு செட்டியார். ஐவரும் தட்டாமல் கட்டிவிட்டதால், இப்போது எது யார் பெட்டி என்று தெரியவில்லை. வாசலில் வண்டி மாடுகள் கழுத்துமணியை ஆட்டுகின்றன.

"தொறந்து பாத்துருவோம்" என்று ஐவரில் இளையவன் அழகுசுந்தரம் ஒரு பெட்டியில் தன் சாவியைப் போடுகிறான். ஒரே கடையில் வாங்கிய பூட்டு, திறந்துகொள்கிறது. மேலாக அரக்கு நிறத்தில் ஒரு கண்டாங்கிச் சேலை. "இது நம்மது இல்லை" என்று சட்டென்று கையை எடுக்கிறான். வேண்டாத துணி ஒன்றுகூட வைக்கக் கூடாது என்று எல்லோரையும் கண்டித்த சோமு செட்டியார் தூணைப் பார்த்தபடி, "கப்பல்ல குளுரும்" என்கிறார்.

அவர் மனைவி நாகம்மை ஆச்சி அருகில் வருகிறாள். "இதைத்தான் வீடு பூராத் தேடிக்கிட்டு இருந்தேன்." மற்ற நால்வரும் வானத்தைப் பார்க்கிறார்கள். ஆச்சி சேலையை உதறி, திருத்தமாக மடித்து, வேட்டிகளுக்கு அடியில் வைத்து மூடுகிறாள்.

"மேலாக இருந்தா சுங்கத்துல எடுத்துப் பாப்பாக. அடியிலயே இருக்கட்டும்."