ஒன்பது நொடி அப்பா

எங்கள் டிரைவ் குழுவில் நாற்பது பேர். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கணினி டிரைவில் குரலும் நினைவுமாகப் பதிந்து வைத்திருக்கும் இறந்துபோன உறவினரிடம் "சாப்டீங்களா?" என்று கேட்போம். பதில் வர எத்தனை நொடி ஆனது என்று அளந்து குழுவில் போடுவோம். போன வாரம் கஜேந்திரனின் பெரியப்பா அரை நொடியில் முதலிடம் பிடித்தார். என் அப்பாவுக்கு ஒன்பது நொடி, கடைசி இடம்.

"உங்கப்பாவ இன்னும் அந்தப் பழைய டிரைவ்லயா போட்டு வெச்சிருக்க?" என்று கஜேந்திரன் கேட்டது சுருக்கென்றது. புது டிரைவ் வாங்கி அப்பாவை அதற்கு மாற்றினேன். இந்த ஞாயிறு அம்மாவையே கேட்கச் சொன்னேன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு மரகதம். நீ சாப்டியா?"

கால் நொடி! உடனே குழுவில் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. அம்மாவோ ஸ்பீக்கரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா இது?"

"அப்பாதாம்மா. இப்ப வேகமா பேசுறாரு."

"முப்பத்தாறு வருஷத்துல நான் கேட்டு அவரு ஒடனே பதில் சொன்னதே கெடையாது. இது யாரோ மரியாதை தெரிஞ்ச மனுஷன். எனக்கு வேணாம்."

பழைய டிரைவையே மறுபடி மாட்டினேன். அம்மா கேட்டாள். ஒன்பது நொடி கழிந்தது.

"ம்... என்ன கேட்ட?"

"காத எங்க வெச்சிருக்கீங்க?" என்று அம்மா ஆரம்பித்தாள். முகம் தெளிந்துவிட்டது. இன்னும் ஒன்பது நொடி ஓடியது.

குழுவில் என் முடிவைத் திருத்தினேன்: பதினெட்டு நொடி, இன்னும் பதில் வரவில்லை.