திருட்டு எழுத்துரு

உதியன்குளங்கரை வினீத் செய்த சர்ச் வெப்சைட், ஆண்டின் சிறந்த தளங்களுக்கான பரிசுப் பட்டியலில் ஏறிய செய்தி வாட்ஸ்ஆப்பில் வந்ததும் சுவாமிதாசுக்கு வயிறு எரிந்தது. பாறசாலையில் இருபது வருடமாக வெப்சைட் செய்கிற மேதை தாம் இருக்க, நேற்று முளைத்த பயலுக்கா பெருமை?

பொய்ப்பெயரில் நடுவர்களுக்கு மெயில் தட்டினார்: ‘அந்தத் தளத்தின் எழுத்துரு திருட்டுச் சரக்கு. அதைச் செய்தவன் பெரிய கள்ளன்.’

மனைவி ஜெயபாய் எட்டிப் பார்த்தாள். “அந்த சைட்டை நிங்க பாத்தியளா?”

“அவனுக்க சைட்டை நான் வேற பாக்கணுமாக்கும்!”

மறுநாள் பட்டியலில் அந்தத் தளம் இல்லை. சுவாமிதாஸ் பழம்பொரி வாங்கிவந்து கொண்டாடும்போது வினீத் போனில் வந்தான். குரல் உடைந்திருந்தது.

“அண்ணா, எவனோ மெயில் போட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டான்.”

“பேரு வந்தா பொறாமையும் வரும் மக்கா,” என்றார் பெருந்தன்மையாக.

“பட்டியல்ல போட்டது எனக்க டிசைனுக்காக இல்ல அண்ணா. நடுவருமாரு எடுத்ததே அதுல உள்ள எழுத்துருவுக்காக்கும், அந்த ஃபான்ட்டுக்கு. நிங்க முந்தி உண்டாக்கி இலவசமா விட்டதைத்தான் போட்டிருந்தேன். பரிசும் நிங்களுக்க பேருக்குத்தான். சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்.”

சுவாமிதாஸ் கடித்த பழம்பொரியைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“நிங்களைப் போய் கள்ளன்னு எழுதியிருக்கான் அண்ணா! அவன் நல்லா இருப்பானா? நிங்களே ஒரு வார்த்தை சபிச்சு விடுங்க!”