லாகர்தானே, கிடக்கட்டும்

பீப்பாய்க் குழாயைத் திறந்ததும் பீர் பழுப்பாக வந்தது.

கிளென் தம்ளரை நிலவறை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். கலங்கி, கழுநீர் மாதிரி இருந்தது.

ரோலண்டின் பீர் கலங்கி யாரும் பார்த்ததில்லை. மில்வாக்கி நகரத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் மாதாமாதம் கூடும் சங்கத்தில் அவருடைய லாகருக்கென்று, குளிரில் போட்டுத் தெளியவைக்கிற பீருக்கென்று, ஒரு பெயர் உண்டு. தம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

அவர் இறந்து ஒன்றிரண்டு மாதம் ஆகிறது. வீட்டை விற்கப்போவதாகவும், நிலவறைக் குளிர்பெட்டியில் அவர் காய்ச்சிய கடைசிப் பீப்பாய் அப்படியே இருப்பதாகவும் சொல்லி அவர் மனைவி வெர்னா கிளெனைக் கூப்பிட்டிருந்தார்.

கிளென் வந்தது பீருக்காக அல்ல. அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்றுவிட்டு யாரிடமும் சொல்லாமல் திரும்பியவன் அவன். மனுஷனிடம் கேட்காத மன்னிப்பை அவர் கைப்பக்குவத்தில் ஒரு வாய் குடித்தாவது கேட்டுவிடலாம் என்று வந்தான்.

சண்டை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கொஞ்ச வருஷமாகச் சங்கத்தில் எல்லாருக்கும் கலங்கல் பீர்ப் பித்து. மாம்பழ வாசனை அடிக்கிற ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டி, தெளிய விடாமல் அப்படியே இறக்குவது. கிளென் அதில் தலைகுப்புற விழுந்தவன். போட்டியில் அவனுக்குப் பரிசு கிடைத்த அன்று எல்லார் முன்னாலும் ரோலண்ட் சொன்னார்:

“நல்லாத்தான்டா இருக்கு. காலையில முட்டையோட ஜூஸுக்குப் பதிலா வச்சுக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“உங்க பீரு மாதிரி தெளிவா எங்க வீட்டுக் குழாயிலயும்தான் வருது,” என்றான் கிளென்.

அதற்கும் சிரித்தார்கள். ரோலண்ட் மட்டும் சிரிக்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. பீருக்குப் போய் இருபது வருஷச் சிநேகிதத்தை யாராவது முறித்துக்கொள்வார்களா என்றால், முறித்துக்கொள்வார்கள். வீம்புக்கு இவ்வளவு போதும்.

கிளென் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனான். நனைந்த அட்டைப்பெட்டி வாடை. அதற்கும் அடியில், இருக்கிறதா இல்லையா என்பதுபோல, மாம்பழம்.

லாகரில் மாம்பழம் மணக்காது.

“உனக்காகத்தான் போட்டாரு,” என்றார் படியில் நின்றிருந்த வெர்னா. “தொண்டையில தண்ணிகூட இறங்கல அப்போ. நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டே போட்டாரு. கிளென் வந்து குடிக்கட்டும்னு என்னைக்கூடத் தொட விடல.”

ரோலண்ட் போன் செய்தது நவம்பரில், இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால். “பீரு இறங்கிடுச்சு. வந்து குடிச்சிட்டுப் போடா.” அவ்வளவுதான் பேசினார். குரல் கம்மியிருந்தது. அதைக் கிளென் முறைப்பு என்று எடுத்துக்கொண்டான். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டிருந்தான், இவ்வளவு என்று தெரியாது.

என்ன பீர் என்று அவன் கேட்கவில்லை. ரோலண்ட் காய்ச்சினால் லாகர்தானே. குளிரில் போட்டு வைத்தால் மாசக்கணக்கில் இருக்கும், இருக்க இருக்கத்தான் ருசி. கிடக்கட்டும், கிழவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்துவிட்டான்.

கலங்கல் பீர் காத்திருக்காது. இறக்கிய சூட்டோடு சில வாரத்தில் குடித்துத் தீர்த்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பழுப்பேறி, மணம் செத்து, அட்டைப்பெட்டி வாடைதான் மிஞ்சும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பவனே கிளென்தான். ரோலண்டுக்கும் தெரியாமல் இருக்காது. சீக்கிரம் வா என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கும் வீம்பு விடவில்லை.

அவன் ஒரு வாய் குடித்தான். அட்டைப்பெட்டி ருசியேதான்.

“எப்படி இருக்கு?” என்றார் வெர்னா. “சரியா வந்திருக்கான்னு நீதான் சொல்லணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

“நல்லா வந்திருக்கு.”

வெர்னாவின் முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, தானே குழாயைத் திறந்து பிடித்தார். வேண்டாம் என்று தடுக்கக் கிளெனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“இது இப்படித்தான் இருக்குமா கிளென்? இல்ல, முடியாம போட்டதுல அவருக்குக் கை தப்பிடுச்சா?”

தப்பியது அவர் கை அல்ல என்று சொல்ல வேண்டும். சொன்னால், பின்னே எப்படிக் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கிளென் குழாயை இறுக மூடினான், ஏற்கெனவே மூடியிருந்ததை.

“அவரு கை தப்புமா?” என்றான். “இந்தக் கலங்கல் பீரே இப்படித்தான் இருக்கும்.”

வெர்னா தம்ளரைக் குளிர்பெட்டியின் மேல் வைத்தார். மனசு ஆறினவர்போல மெல்லச் சிரித்தார்.

“அப்போ கலங்கல் பீரெல்லாம் பீரே இல்லன்னு அவரு சொல்லிக்கிட்டிருந்ததுதான் சரி.”

“சரிதான்,” என்றான் கிளென். “நேர்ல வந்து அவருகிட்ட சொல்லியிருக்கணும்.”