சாட்சிக்கு வந்த மட்டி

இந்த ஞாயிற்றுக்கிழமையும் சாயப்பட்டறை மேனேஜர் குமாரசாமி, மூக்கம்மாளின் வாளியைப் பிடுங்கிக் குளத்திலேயே கவிழ்த்துவிட்டார்.

காலையிலிருந்து முழங்கால் சேற்றில் நின்று, கால் கட்டைவிரலால் துழாவித் துழாவி எடுத்த மட்டிச் சிப்பி. அத்தனையும் போச்சு.

"என்னத்துக்கு அண்ணாச்சி இப்படிச் செய்யுதிய? குளம் என்ன உங்க பட்டறைக்குள்ளயா கெடக்கு?"

"இதையெல்லாமா திம்பாங்க? போ அம்மிணி, இந்தப் பக்கம் வராத."

மூக்கம்மாளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கிராமம். பிழைக்க வந்தது அருள்புரம் பனியன் கம்பெனிக்கு. பட்டறைக்குப் பின்னால் இந்தக் குளத்தைக் கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் வாரம் அவர் கண்ணில் படாமல் ஒரு சட்டி கொண்டுபோனாள். அந்தக் குழம்பைத்தான் பிள்ளைகள் இரண்டும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

சேற்றில் கிடக்கிற மட்டியைக்கூடக் கொடுக்க மனசில்லாத மனுஷன் என்று லைன் வீடு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

புதன்கிழமை அதே மனுஷன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். வாளியோடு வரச் சொன்னார். கம்பெனியில் அரைநாள் லீவுக்கும் அவரே பேசிவிட்டாராம்.

"எறங்கி வேணுங்கிற அளவுக்கு எடுத்துக்குங்கம்மா" என்றார். மரியாதை கூடியிருந்தது.

வாளி பாதி நிறைந்தபோது ஜீப் வந்தது. குளத்துத் தண்ணீரைப் பற்றி யாரோ எழுதிப்போட்ட புகாரை விசாரிக்க வந்த அதிகாரி. அவரைக் குமாரசாமி நேராகக் கரைக்கே அழைத்து வந்தார்.

"நீங்களே பாருங்க சார். சாயத்தண்ணி கலந்திருந்தா சனங்க எறங்கி எடுப்பாங்களா? அவங்களையே கேளுங்க."

அதிகாரி கேட்டார். மட்டியைப் பற்றி இந்த ஊரில் மூக்கம்மாளைக் கேட்ட முதல் ஆள்.

"கெட்ட தண்ணியில மட்டி உயிரோட கெடக்காது சார். எங்க கடக்கரையில சின்னப்புள்ளைக்கும் தெரியும்."

அதிகாரி அவளை வாளியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். நாலு வரி எழுதிக்கொண்டு கிளம்பினார்.

ஜீப் மறைந்ததும் மூக்கம்மாள் வாளியை இடுப்பில் ஏற்றினாள். குமாரசாமி பின்னாலேயே ஓடி வந்தார். பிடுங்கத்தான் வருகிறார் என்று அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிடுங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கோழிக்கறிப் பொட்டலத்தை நீட்டினார்.

"அதைக் கொட்டிப்போட்டு இதைக் கொண்டுபோ கண்ணு. ஊட்டுல கொழந்தைக இருக்குது."