நாற்காலியில் ஒரு பந்து

பூங்காவை ஒட்டிய அமைதியான தெருவில், தணிகாசலத்தின் காம்பவுண்டுக்குள் ஒரு பந்து வந்து விழுந்தது. அவர் அதைத் துடைத்து, வாசலோரம் நாற்காலியில் வைத்தார்.

"திருப்பி எறிஞ்சா என்னவாம் இந்த ஆளுக்கு?" என்று பந்து சீறியது.

"எறிஞ்சுட்டா யாரு வந்து கேட்பாங்க?" என்றது காலிங்பெல். "இவர் வீட்டம்மா செத்துப் போனதுலேருந்து என்னை ஒருத்தரும் தொடலை. கதவைத் தாழ்கூடப் போடாம உட்கார்ந்திருக்கார், பாரு."

பூங்காவில் விளையாடிய பிள்ளைகள் பந்தைத் தேடி கேட்வரை வந்தார்கள். "வேணாம்டா, அந்தத் தாத்தா திட்டுவாரு" என்று திரும்பிப் போய், மறுநாளே புதுப் பந்து வாங்கிவிட்டார்கள்.

நாளாக நாளாகப் பந்துக்குக் காற்று இறங்கியது. அவர் துடைப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு மாலை புதுப் பந்தும் உள்ளே விழுந்தது. "வெளியே உருண்டு ஓடிடு!" என்று கத்த வாயைத் திறந்தது பழைய பந்து. அதற்குள் தணிகாசலம் அவசரமாக எழுந்து, பக்கத்தில் புதுப் பந்துக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பந்து வாயை மூடிக்கொண்டது.