மகாராஜாவின் மறதி

இரண்டாவது வரியிலேயே வசனத்தைத் தொலைத்துவிட்டு, மேடை நடுவில் திருதிருவென்று முழித்தார் மகாராஜா.

திரை மறைவில் நின்ற குசுகுசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகாராஜா அந்த நாடகக் குழுவின் கதாநாயகன். எந்நேரமும் அரசர் வேஷம் கட்டியதால் அந்தப் பெயர். அவர் வசனம் மறக்கும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுப்பது குசுகுசுவின் வேலை; அவள் பெயரும் அப்படி வந்ததுதான். மறதி அவருக்குக் கூடவே பிறந்தது. அதில்தான் இவள் பிழைப்பு ஓடியது.

ஆனால் இன்றைக்கு நடப்பது அவளே எழுதிய நாடகம்.

இதுவரை மேடையில் குரல் ஒலிக்காதவர்கள் மட்டும் நாடகம் அனுப்பலாம் என்று விழாக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். அதற்குத் தன்னைவிடத் தகுதியான ஆள் எவள் இருக்கிறாள் என்று துணிந்து அனுப்பிவிட்டாள். இருட்டில் நின்று அடுத்தவர் வசனத்தையே பேசிக் காலம் தள்ளும் ஒருவரின் கதை. ஒரே ஒரு பாத்திரம்தான். தேர்வும் ஆகிவிட்டது.

அவளையே நடிக்கச் சொன்னார் குழு மேனேஜர். தன் குரலை எவன் டிக்கெட் வாங்கிக் கேட்பான், மகாராஜா அண்ணன் நடித்தால்தான் கூட்டம் வரும் என்று பெரிய கும்பிடாகப் போட்டாள் குசுகுசு.

அந்த அண்ணனோ, ஒத்திகைக்கு வந்து கொட்டாவி விட்டதோடு சரி. அவள் எழுதிய தாள்களைத் தலைக்கு வைத்துத் தூங்கியதைக்கூடக் கண்ணால் பார்த்தாள்.

இன்று நடுவர்களுக்குப் பிடித்தால் நாடகம் பல ஊருக்குப் போகும். பிடிக்காவிட்டால், ஆயுசுக்கும் திரை மறைவுதான்.

வரியை எடுத்துக் கொடுத்தாள். மகாராஜா காதைச் சொறிந்தார்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மனுஷன் கூரையைப் பார்த்தார். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது.

இன்னும் சத்தமாகச் சொன்னாள். கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். மகாராஜா நிதானமாக நடந்து, மூலையில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பாவி மனுஷன் என்று பல்லைக் கடித்தபடி மேடைக்கே வந்துவிட்டாள் குசுகுசு. கையில் தாள் இருந்தது. முதல் வரி தடுமாறியது. இரண்டாவது வசப்பட்டது. பிறகு தாள் எங்கே விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எழுதியது அவள், வாழ்ந்ததும் அவள். யாரைக் கேட்டுப் பேச வேண்டும்?

முடிந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. நடுவர் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

ஒப்பனை அறைக்குள் நுழைந்ததும் மகாராஜாவைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"ஊர்ல இருக்கிறவன் எழுதினதையெல்லாம் மறந்தீங்க, போகட்டும். நான் எழுதினதுமா அண்ணே? இத்தனை வருஷம் உங்க மானத்தைக் காப்பாத்தினதுக்கு இதுதானா மரியாதை?"

மகாராஜா ஒட்டுமீசையைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டினார்.

"கடைசிக்கு முன்னால ஒரு வரியை விட்டுட்டியேம்மா" என்றார்.

மேடையில் பேசிய கடைசி வரிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள் குசுகுசு.

"'இருட்டுலயே பேசிப் பேசி, என் முகம் எனக்கே மறந்துபோச்சு.' அதானே வரி?" ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார் மகாராஜா. "அடுத்த ஊர்ல விட்டுடாதே. திரைக்குப் பின்னால நின்னு நான் எடுத்துக் கொடுக்கறேன்."